3,500 கிலோ என்ற எண்ணை நம்பி மலை இறங்காதீர்கள்

கட்டுகஸ்தோட்டை, மடவளை, அக்குறணைப் பக்கங்களில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறவர்களுக்குச் சென்ற இதழில் ஓர் ஆலோசனை வழங்கப்பட்டது. பழைய டபிள் கெப் ஒன்றை வாங்குங்கள், பக்கத்துக் கராஜில் டோ பார் ஒன்றை ஒட்டுவியுங்கள், கரவன் ஒன்றைக் கொளுவிக்கொண்டு நக்கிள்ஸுக்கும் நுவரெலியாவுக்கும் பயணிகளை அழைத்துப் போங்கள். டபிள் கெப் 3,500 கிலோ இழுக்கும் என்று கம்பனியே சொல்கிறது, ஆகையால் பயப்பட ஒன்றுமில்லை. இதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். எழுதியவர் வாகன வியாபாரத்தில் நீண்ட அனுபவம் உள்ளவர் என்று அறிமுகப்படுத்தப்பட்டிருந்தார். அந்த அறிமுகத்தால்தான் கட்டுரையின் ஆபத்து பெருகுகிறது. வாசிப்பவர் நம்புவார். நம்பி லீசிங் எடுப்பார். எடுத்த வாகனத்தில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஹுன்னஸ்கிரியவிலிருந்து மஹியங்கனைப் பக்கம் இறங்குவார். அந்த இறக்கத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

முழுக் கட்டுரையும் ஏற்றத்தைப் பற்றியது. எந்த எஞ்சினுக்கு எவ்வளவு இழுவை, எந்த வாகனம் கடுகண்ணாவையில் மூச்சு வாங்காமல் ஏறும், எது எத்தனை லீற்றர் டீசல் குடிக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஏற்றத்தில் வலு போதாவிட்டால் வாகனம் நிற்கும், பின்னால் வருகிறவர்கள் ஹோன் அடிப்பார்கள், அவமானத்தோடு முடிந்துவிடும். இறக்கத்தில் பிரேக் போதாவிட்டால் வாகனம் நிற்காது. மலைநாட்டில் கரவன் இழுக்க வாகனம் தெரிவு செய்கிறவர் இறக்கத்தை வைத்தே தெரிவு செய்ய வேண்டும். கட்டுரையாளர் தலைகீழாகச் செய்திருக்கிறார். அவர் சொன்ன மற்றத் தவறுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் அந்த 3,500. இந்த எண் பொய்யில்லை. ஃபோர்ட் ரேஞ்சர், இசுசு டி-மெக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவற்றின் அண்மைக்கால மாதிரிகள் பலவற்றுக்கு உற்பத்தியாளர்கள் வெளிநாட்டுச் சந்தைகளில் இதே உச்சத்தைத்தான் தருகிறார்கள். ஆனால் அது தனியே நிற்கும் எண் அல்ல. பின்வண்டிக்குச் சொந்த பிரேக் இருந்தால் மட்டுமே 3,500. பிரேக் இல்லாத பின்வண்டிக்கு அதே கையேட்டில் அதே இடத்தில் அச்சிடப்பட்டிருக்கும் எண் 750. கட்டுரையாளர் முதல் எண்ணை மூன்று இடங்களில் எழுதுகிறார். இரண்டாவது எண்ணை எங்கும் எழுதவில்லை. அது மட்டுமல்ல, "கரவனுக்குத் தனி பிரேக் வீண் செலவு, டபிள் கெப்பின் பிரேக்கே தாராளம்" என்றும் ஆலோசனை சொல்கிறார். பிரேக் உள்ள பின்வண்டிக்கு உரிய எண்ணைக் காட்டி, பிரேக் இல்லாத பின்வண்டியை வாங்கச் சொல்வது வாசகரை ஏமாற்றுவது. தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, வீதியில் அதன் விளைவு ஒன்றுதான்.

அடுத்த நிபந்தனை கூட்டு நிறை. வாகனம், பின்வண்டி, ஆட்கள், பொதிகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு வரலாம் என்பதற்கு உற்பத்தியாளர் ஓர் உச்சம் வைத்திருக்கிறார். 3.2 லீற்றர் எஞ்சினுடைய ரேஞ்சரை எடுத்துக்கொள்வோம். அதன் கூட்டு நிறை உச்சம் 6,000 கிலோ. 3,500 கிலோ கரவனைக் கொளுவினால் வாகனத்துக்கு மிஞ்சுவது 2,500. நான்கு கதவு, நான்கு சில்லு இழுவையுள்ள ரேஞ்சர் வெறுமையாகவே ஏறத்தாழ 2,200 கிலோ வரும். மிச்சம் 300. சாரதியும் மூன்று பயணிகளும் ஏறினால் அதில் 280 போய்விடும். எஞ்சிய 20 கிலோவுக்குள் முன் பம்பர் கம்பி, பின்பக்க மூடி, டோ பார், சூட்கேஸ்கள், சமையல் பாத்திரங்கள் அத்தனையும் அடங்க வேண்டும். அடங்காது. 3,500 கிலோ இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு சுற்றுலா போகலாம் என்ற அவருடைய வாக்குறுதி ஒரு கூட்டல் கழித்தலில் விழுந்துவிடுகிறது. அந்தக் கணக்கைச் செய்ய வாகன வியாபார அனுபவம்கூடத் தேவையில்லை.

அந்த எண் புதிய வாகனத்துக்கு உரியது என்பதையும் அவர் மறைக்கிறார். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் கதவு திறந்தது. அவர் பரிந்துரைக்கும் விலைக்குள் கிடைக்கும் டபிள் கெப்கள் அந்தத் தடைக்கு முன்பே வந்தவை. பல வாகனங்கள் தோட்டங்களிலும் கட்டுமான வேலைகளிலும் உழைத்துத் தேய்ந்தவை. செஸியில் துரு, பின் ஸ்பிரிங்கில் தளர்வு, கிளச்சில் தேய்வு, பல வருடம் மாற்றாத பிரேக் ஒயில். இவற்றுக்கு எந்தக் கம்பனியும் 3,500 என்று உத்தரவாதம் தரவில்லை. பழைய 3.0 லீற்றர் டர்போ இல்லாத எஞ்சின்களை "முறியாத இரும்பு" என்று புகழ்கிறார். அவை நீடித்து உழைக்கும் என்பது உண்மை. ஆனால் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு அதைக் கொண்டு கரவன் இழுக்கச் சொல்வது, அவருக்குப் பிடித்த ஏற்றக் கணக்கில்கூடத் தோற்கிற ஆலோசனை.

இனி இறக்கத்துக்கு வருவோம். வாகனமும் கரவனும் ஆட்களும் சேர்ந்து 4,000 கிலோ என்று வையுங்கள். இது அவர் சொல்லும் நிறைகளைவிட மிகக் குறைவு. இந்த நிறை 100 மீற்றர் உயரம் கீழே இறங்கும்போது விடுவிக்கும் சக்தி, அதே நிறையை மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து பத்துத் தடவை முழுமையாக நிறுத்துவதற்குச் செலவாகும் சக்திக்குச் சமம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஏ-10 வீதியில் கலகெதர வழியாகக் குருநாகலுக்குப் போனால் இறங்குவது 300 மீற்றருக்கு மேல். நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புஸ்ஸல்லாவை வழியாகக் கம்பளைக்கு வந்தால் 1,300 மீற்றருக்கு மேல். காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சினும் பிரேக்கும்தான் வாங்க வேண்டும். டீசல் எஞ்சின், அதற்கென ஒரு பொறி பூட்டாவிட்டால், தானாக அதிகம் பிடித்துவைக்காது. ஆகவே சுமை பிரேக்குக்கு வருகிறது.

எந்த பிரேக்குக்கு? இங்கே ஓடும் பெரும்பாலான டபிள் கெப்களில் முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம். அந்த பிரேக்குகள் வாகனத்தின் சொந்த நிறைக்கும் அதன் பொதிக்கும் அளந்து செய்யப்பட்டவை. பின்னால் பிரேக் இல்லாத இரண்டு டன் வந்து முட்டினால், அதைத் தடுக்கிற சூடு முழுவதும் அந்த நான்கு சில்லுகளுக்குள் இறங்கும். பிரேக் ஒயிலுக்குக் கொதிநிலை உண்டு. டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது நியமம். ஈரப்பதம் உறிஞ்சிய பிறகு அதே ஒயிலுக்கு நியமம் கேட்பது 140 பாகை மட்டுமே. கண்டியின் ஈரக்காற்றில் வருடக்கணக்காக மாற்றப்படாத ஒயில் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கொதித்த ஒயிலுக்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஒயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதிக்கும் கால் தரைவரை போகும், வாகனம் நிற்காது. நீண்ட இறக்கத்தின் கடைசி வளைவுகளில் பிரேக் "இல்லாமல் போவது" இப்படித்தான்.

சூடு ஏறாவிட்டாலும் ஆபத்து தீரவில்லை. பிரேக் இல்லாத கரவன் வளைவில் வாகனத்தின் பின்பக்கத்தை நேராகத் தள்ளாது, பக்கவாட்டில் தள்ளும். மழையில் நனைந்த வளைவில் சாரதி பிரேக்கை அழுத்த, முன்வாகனம் மட்டும் வேகம் குறைய, பின்வண்டி தன் வேகத்திலேயே வந்து வாகனத்தின் பின் சில்லுகளை வீதிக்கு வெளியே நெட்டிவிடும். அந்தக் கணத்தில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் பயனில்லை. பின்வண்டிக்குச் சொந்த பிரேக் இருந்தால் அது வாகனத்தைப் பின்னுக்கு இழுத்து நேராக வைத்திருக்கும். "வீண் செலவு" என்று கட்டுரையாளர் ஒதுக்கிய பொருள் செய்யும் வேலை இது.

நிறையை எங்கே வைப்பது என்பதில் அவர் தந்திருக்கும் ஆலோசனை எல்லாவற்றையும்விட மோசமானது. "கரவனுக்குள் பாரமானவற்றைப் பின்பக்கம் அடுக்குங்கள், டபிள் கெப்பின் பின்பக்கம் தாழாது" என்கிறார். இதைப் பின்பற்றிய எவரும் நேர்வீதியில்கூடத் தப்புவது அதிர்ஷ்டம். கரவனின் மூக்கு, டோ பாரின் குண்டின் மேல் ஓரளவு பாரத்தோடு உட்கார வேண்டும். அவுஸ்திரேலியாவில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, நிறைத்த கரவனின் நிறையில் பத்தில் ஒரு பங்கு. 1,500 கிலோ கரவனுக்கு 150 கிலோ. பாரம் பின்னால் போனால் மூக்கு இலேசாகும்; மூக்கு இலேசானால் கரவன் பாம்பாக நெளியத் தொடங்கும்; வேகம் கூடக் கூட நெளிவு பெருகும்; இறக்கத்தில் வேகம் தானாகவே கூடும். தண்ணீர்த் தாங்கி, பற்றறி, எரிவாயு உருளை ஆகியன கரவனின் அச்சுக்குக் கிட்ட, தரைக்குத் தாழ்வாக இருக்க வேண்டும். பின்சுவரில் எதையும் தொங்கவிடக் கூடாது.

டபிள் கெப் பின்னால் தாழாமலிருக்க அவர் காட்டும் இன்னொரு வழி, ஸ்பிரிங்கில் தகடு ஒன்றைக் கூட்டுவது. தகடு உயரத்தைத் தூக்கும். அச்சின் பலம், செஸியின் பலம், பிரேக்கின் பலம் எதையும் கூட்டாது. அனுமதித்த நிறை அப்படியே இருக்கும். மூக்கின் 150 கிலோ பின் அச்சுக்கு ஒரு மீற்றருக்கு மேல் பின்னால் உட்காருவதால், நெம்புகோல் கணக்கில் பின் அச்சில் 200 கிலோ வரை ஏறி, முன் அச்சிலிருந்து 50 கிலோ அளவு கழன்றுவிடும். வாகனத்தைத் திருப்புவதும் பெரும்பங்கு நிறுத்துவதும் முன் சில்லுகள். தகடு போட்டு வாகனத்தை மட்டமாக்கினால் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

"கட்டுகஸ்தோட்டையில் எந்தக் கராஜிலும் அரை நாளில் டோ பார் ஒட்டலாம்" என்று எழுதியிருக்கிறார். எங்கள் ஊர்க் கராஜ்க்காரர்களின் கைத்திறன் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. நொறுங்கிய லொறியை மறுபடியும் வீதிக்குக் கொண்டுவருகிறவர்கள் அவர்கள். அதனாலேயே அவர்கள் தலையில் இந்தப் பழியைச் சுமத்தக் கூடாது. பம்பரில் ஒட்டிய டோ பார் பம்பரோடு கழன்று வரும். செஸித் தண்டில் கண்ட இடத்தில் வெல்டிங் செய்தால் அந்த இடத்து இரும்பின் உறுதி மாறும். விரிசல் பின்னர் அங்கேயே தொடங்கும். டோ பார் அந்த வாகன மாதிரிக்கென அளந்து செய்யப்பட்டதாக, தாங்கும் நிறை பொறித்த தகடு உள்ளதாக, செஸித் தண்டின் இரு பக்கமும் 8.8 தரத்துக்குக் குறையாத போல்ட்டுகளால், உற்பத்தியாளர் விட்ட துளைகளிலேயே பூட்டப்பட வேண்டும். குண்டின் அளவும் முக்கியம். ஐரோப்பிய, அவுஸ்திரேலியக் கரவன்களின் கொளுவி 50 மில்லிமீற்றர் குண்டுக்கு உரியது. இரண்டு அங்குலக் குண்டு 50.8. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒன்று சரியாகப் பூட்டாது, மற்றது தளர்ந்து ஆடும். குண்டு கழன்றாலும் பின்வண்டி விலகாமலிருக்க, மூக்குக்குக் கீழே குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலிகள் கட்டாயம். சங்கிலியைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

மெல்பேணிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர்கள் இதே ரேஞ்சரில் இரண்டரை டன் கரவன் இழுக்கிறார்கள் என்பது அவருடைய பெரிய ஆதாரம். அந்த நாட்டின் சட்டத்தையும் அவர் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். அங்கே 750 கிலோவுக்கு மேற்பட்ட பின்வண்டிக்கு பிரேக் இல்லாமல் வீதியில் இறங்க முடியாது. 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சில்லுகளுக்கும் பிரேக் வேண்டும். கொளுவி கழன்றால் தானாகவே பிடிக்கும் பொறியும் வேண்டும். அங்குள்ள நம்மவர்கள் இழுப்பது அத்தகைய கரவனை, அகன்ற இருவழி நெடுஞ்சாலைகளில். அமெரிக்காவில் இழுவை அளவைக் கணிக்கும் ஜே2807 நியமம், அரிசோனாவின் டேவிஸ் டாம் பகுதியில் ஏறத்தாழ 18 கிலோமீற்றர் ஏற்றத்தை ஏசி போட்டபடி ஏறிக் காட்டச் சொல்கிறது. கடுமையான பரீட்சைதான். ஆனால் எதிரே பஸ் வர, பக்கத்தில் பாடசாலைப் பிள்ளைகள் நடக்க, கொண்டையூசி வளைவில் இறங்குவதை எந்த நியமமும் பரீட்சிக்கவில்லை. வெளிநாட்டு எண்ணை எடுத்துக்கொண்டு வெளிநாட்டு நிபந்தனையை விட்டுவிடுவது நேர்மையான வாதம் அல்ல.

தோட்டத்து டிராக்டர் பெட்டி இழுக்கவில்லையா என்றும் கேட்கிறார். இழுக்கிறது. மிகத் தாழ்ந்த கியரில், மிகக் குறைந்த வேகத்தில், சாரதியின் வாழ்நாள் பழக்கத்தோடு இழுக்கிறது. அப்படியிருந்தும் மலைத்தோட்டங்களில் டிராக்டர் பெட்டிகள் கவிழ்ந்து தொழிலாளர்கள் மாண்ட துயரம் இந்த மண்ணுக்குப் புதியது அல்ல. அந்த ஆபத்தைப் பாதுகாப்புக்கு ஆதாரமாகக் காட்டுவது, இறந்தவர்களை எண்ணிப் பார்க்காதவர் செய்யும் காரியம்.

வீதிகள் எல்லாம் இப்போது காபட் போட்டு அகலமாகிவிட்டன, மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவும் திருத்தப்பட்டுவிட்டது என்கிறார். வீதி வழுவழுப்பானால் வேகம் கூடும், சரிவு குறையாது. 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை, கரண்டி எல்லவில் பயணிகள் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கம்பளையையும் நுவரெலியாவையும் இணைக்கும் அந்தப் பிரதான வீதியும் காபட் போட்ட வீதிதான். அதே வீதியில்தான் தன் வாடிக்கையாளர்களைக் கரவனோடு அனுப்ப அவர் விரும்புகிறார். டபிள் கெப்பும் ஆறு மீற்றர் கரவனும் சேர்ந்தால் ஒரு பெரிய பஸ்ஸின் நீளம் வரும். நடுவில் மடங்கவும் செய்யும். பஸ் சாரதி அந்த வீதியில் தினமும் ஓடுகிறவர். கட்டுரையாளர் அனுப்பப்போகிற சாரதி முதல் தடவை போகிறவர்.

சட்டத்தைப் பற்றி அவர் எழுதியது ஒரே வாக்கியம்: "பொலிஸ் இதையெல்லாம் பார்ப்பதில்லை." சாரதி அனுமதிப்பத்திரத்தின் பி வகுப்பு, வெற்று நிறை 250 கிலோவுக்கு மேற்படாத பின்வண்டியைக் கொளுவி ஓட்டவே இடம் தருகிறது. படுக்கையும் சமையல் மேசையும் உள்ள கரவன் எதுவும் அந்த அளவுக்குள் வராது. பின்வண்டிக்குத் தனிப் பதிவு வேண்டும். இவை இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கக் காரணம் தேடத் தேவையில்லை. காரணம் கையிலேயே இருக்கும். பொலிஸ் பார்ப்பதில்லை என்ற ஆறுதல், நீதிமன்றத்தில் நிற்கும் விடுதிக்காரருக்கு உதவாது. நிற்கப்போகிறவர் கட்டுரையாளரும் அல்லர்.

சிறிய விடுதிகள் வளர வேண்டும் என்ற அவருடைய விருப்பம் நியாயமானது என்பதை மறுக்கவில்லை. நக்கிள்ஸ் காடு 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. அதன் பெயரால் வரும் வருமானத்தில் பெரிய ஹோட்டல்களுக்குப் போகிற பங்கைவிட, மடவளையிலும் வத்துகாமத்திலும் இரண்டு அறை வைத்து நடத்துகிறவருக்குப் போகிற பங்கு கூட வேண்டும். அதற்காகவே இதைச் சரியாகச் செய்ய வேண்டும். ஒரு பெரிய விபத்து நடந்தால் தடை வரும். தடை வந்தால் முதலில் அழிவது சிறியவரின் முதலீடு.

சரியான வரிசை இது. முதலில் கரவன், பிறகு வாகனம். கரவனைத் தண்ணீர், எரிவாயு, படுக்கை, பாத்திரங்கள் எல்லாம் நிறைத்து லொறி நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுங்கள். விற்பவர் சொல்லும் வெற்று நிறையை நம்பாதீர்கள். இந்த மலைகளுக்கு நிறைத்த நிறை 1,200 கிலோவைத் தாண்டாத, ஒற்றை அச்சுள்ள, தாழ்வான சிறிய கரவனே பொருத்தம். கதவு இடப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் ஓடும் ஐரோப்பிய நாடுகளுக்குச் செய்த கரவனில் கதவு வலப்பக்கம் இருக்கும். இங்கே வீதியோரம் நிறுத்தினால் பிள்ளைகள் போக்குவரத்துக்குள்தான் இறங்குவார்கள். பிரித்தானியாவுக்குச் செய்தவற்றில் அது இடப்பக்கம்.

வாகனத்துக்கு விதி: நிறைத்த கரவனின் நிறை, உற்பத்தியாளர் சொன்ன உச்சத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, வாகனத்தின் வெற்று நிறைக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். ஏணிச் செஸி, டர்போ டீசல், துருப்பிடிக்காத பின்தண்டு. மனுவல் கியரானால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் நின்று நின்று கிளம்பக் கிளச் தாங்குமா என்று பாருங்கள். ஓட்டோ கியரானால் அதன் ஒயிலுக்குத் தனிக் குளிரூட்டி பூட்டுங்கள். 4எல் (நான்கு சில்லுத் தாழ்கியர்) இருப்பது மண்பாதையிலும், சறுக்கும் சரிவில் பின்னுக்கு எடுக்கும்போதும் உதவும். காய்ந்த தார் வீதியில் அதைப் போட்டு வளைவு எடுத்தால் முன் பின் அச்சுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பல்லை உடைக்கும்.

பொருத்த வேண்டியவற்றில் முதலாவது கரவனின் பிரேக். கரவன் வாகனத்தை முட்டும்போது தானாகப் பிடிக்கும் தள்ளு பிரேக் மலிவானது. ஆனால் நீண்ட இறக்கம் முழுவதும் கரவன் முட்டிக்கொண்டே இருப்பதால் அது ஓயாமல் உரசிச் சூடேறும். மின் பிரேக்கும், சாரதி கைக்கு எட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இந்த மலைகளுக்கு அதைவிட நல்லவை. கரவன் நெளியத் தொடங்கினால் வாகனத்தின் பிரேக்கைத் தொடாமல் கரவனின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தி நேராக்கலாம். கழன்றால் பிடிக்கும் பொறியும், குறுக்குச் சங்கிலியும் அதோடு சேரும். பிரேக் ஒயில் புதிய டொட் 4. வருடத்துக்கு ஒரு தடவை மாற்றம். டயர்களின் பக்கத்தில் உள்ள சுமை எண்ணைப் பாருங்கள்: 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், அதுவும் சரியான காற்று இருந்தால். கரவன் வாகனத்தைவிட அகலமானதால் வெளியே நீளும் பக்கக் கண்ணாடிகள் வேண்டும். விளக்குக் கம்பிகளுக்குச் சரியான செருகியும் நல்ல ஏர்த் கம்பியும் வேண்டும். பிரேக் விளக்கு எரியாத கரவனுக்குப் பின்னால் வருகிறவர் மோட்டார் சைக்கிளில் வருகிற ஒருவராக இருக்கலாம்.

அதன் பிறகு சாரதி. நம் லொறிச் சாரதிகளின் பழைய விதி இன்னும் சரியானது: ஏறுகிற கியரில் இறங்கு. இறக்கம் தொடங்குமுன் கியரைக் குறை. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி வராதே. உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆறவிடு. பின்னுக்கு எடுக்கப் பழகாதவர் கரவனோடு வீதிக்கு வரக் கூடாது. வெற்று மைதானத்தில் பழகிய பின்பே மலை.

கரவன் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் ஒருமுறை கேள்வி கேளுங்கள். இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கெண்டர் போன்ற சிறிய லொறிகளில் பலவற்றுக்கு எக்ஸ்ஹோஸ்ட் பிரேக் உண்டு. பின்னால் இரட்டைச் சில்லு உண்டு. இறக்கத்தில் எஞ்சினாலேயே பிடித்துவைக்க அமைந்தவை. அவற்றைத் திருத்தத் தெரியாத கராஜ் இந்தப் பகுதியில் இல்லை. அத்தகைய லொறியின் தட்டில், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியோடு, படுக்கையும் சமையலறையும் கட்டினால் இழுக்க ஒன்றுமே இல்லை. மூக்குப் பாரம் இல்லை, நெளிவு இல்லை, கழலும் குண்டு இல்லை. மலைநாட்டில் விருந்தினரைத் தூங்கவைத்துக் கொண்டுபோக விரும்புகிற விடுதிக்காரருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கரவன் இரண்டாவது தெரிவு. அதுவும் மேலே சொன்ன எல்லாம் பூர்த்தியான பிறகு.

கட்டுரையாளரிடம் நேரடியாகக் கேட்கிறேன். 750 என்ற எண் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நீங்கள் இதை எழுதியிருக்கக் கூடாது. தெரிந்திருந்தால் மறைத்திருக்கக் கூடாது. அடுத்த இதழில் உங்கள் பெயரிலேயே மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள்: பிரேக் இல்லாத கரவனை இழுக்க வேண்டாம், பாரத்தைப் பின்னால் அடுக்க வேண்டாம், பி வகுப்பு அனுமதிப்பத்திரத்தோடு கரவன் ஓட்ட வேண்டாம். ஏப்ரல் மாத நுவரெலியாப் பருவத்துக்கு முன்னர் அது அச்சில் வர வேண்டும். உங்கள் சொல்லை நம்பி ஏற்கெனவே வாகனம் தேடத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதிய கையே அதைத் திருத்த வேண்டும். வாசகர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்தத் திருத்தம் வரும்வரை அந்தக் கட்டுரையை நம்பி ஒரு ரூபாகூட முற்பணம் கட்டாதீர்கள். வாகனம் விற்கிறவர் எவ்வளவு இழுக்கும் என்று சொல்லத் தொடங்கினால், கலகெதர இறக்கத்தில் எதைக் கொண்டு நிறுத்துவது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள்.